ஒரு நூல் தேய்ந்த செயின்

"எந்த மலைக்குத் தாயி போகப் போறே?"

சைக்கிள் கடை அண்ணாச்சி கேட்டதில் கேலி பாதி, கவலை பாதி. மல்லாங்கிணற்றில் நின்று சுற்றிப் பார்த்தால் கண் எட்டும் மட்டும் கரிசல். இடையிடையே கண்மாய்க் கரை, கரையெல்லாம் சீமைக்கருவேலம். ஏறி இறங்க எங்களுக்கு இருக்கிற உயரமான இடம் அந்தக் கரைதான். நானோ மதுரையில் 6,000 ரூபாய்க்கு ஒரு மவுண்டன் பைக்கை வாங்கியிருந்தேன். காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பிய குட்டியானையில் 400 ரூபாய் கொடுத்து ஏற்றிவந்து, அவர் கடை வாசலில் இறக்கி நிறுத்தியிருந்தேன்.

முன்னால் ஷாக் அப்சர்பர், சீட்டுக்கு அடியில் பெரிய ஸ்பிரிங், இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், 21 கியர். சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கிற தரகர் மாதிரி அண்ணாச்சி அதை ஒரு சுற்று சுற்றி வந்தார். ஸ்பிரிங்கை அமுக்கினார். டிஸ்க்கைக் குனிந்து பார்த்தார்.

"இதுல எனக்குத் தெரிஞ்ச வேலை பஞ்சர் ஒட்டுறது மட்டுந்தான்" என்றார்.

இதை வாங்கும் முன்பே அவரிடம் போய்க் கேட்டிருந்தால் எனக்கு 5,000 ரூபாய் மிஞ்சியிருக்கும். அந்த நஷ்டக் கணக்கையும், பிறகு உருப்படியாக ஒன்று வாங்கிய கணக்கையும் இங்கே சொல்கிறேன். பழைய கியர் சைக்கிள் வாங்கலாம் என்று நினைக்கிற யாருக்காவது உதவும்.

நான் தையல்காரி. அம்மா வீடு கண்மாய்க்கு அந்தப் பக்கத்து ஊரில். பஸ்ஸில் போவதென்றால் சுற்றுவழி. நேரம் பார்த்து நிற்கவும் வேண்டும். கண்மாய்க் கரை வழியாகப் போனால் சைக்கிளுக்கு அரை மணி. வீட்டில் இருக்கிற ஒரே மோட்டார் சைக்கிள் காலையில் என் வீட்டுக்காரரோடு மில்லுக்குப் போய்விடும். 2006-இல் பதினொன்றாம் வகுப்புப் படித்தபோது அரசு கொடுத்த சைக்கிளில் இரண்டு வருஷம் பள்ளிக்கூடம் போனவள்தான் நான். கல்யாணத்துக்குப் பிறகு அதைத் தம்பி ஓட்டினான், பிறகு பழைய இரும்புக் கடைக்குப் போயிற்று. ஆக சைக்கிள் எனக்குப் புதிதில்லை. கியர் சைக்கிள்தான் புதிது. கரையில் கிடக்கிற கல்லுக்கும் வண்டிச்சோட்டுக்கும் தடித்த டயர்தான் சரி என்று தோன்றியது. அந்த எண்ணம் இன்றைக்கும் தப்பாகப் படவில்லை. தடித்த டயரோடு சேர்த்து மற்றதையெல்லாம் வாங்கியதுதான் தப்பு.

விற்றவர்கள் மதுரையில் ஒரு அடுக்குமாடியில் இருந்தார்கள். 2020 ஊரடங்கில் வாங்கினது, ஐம்பது கிலோமீட்டர்கூட ஓடவில்லை, புதுசு மாதிரி என்றார்கள். பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே ஓடாத வண்டிதான். அந்த வருஷம் உடற்பயிற்சிக்கென்று சைக்கிள் வாங்கி, பிறகு மொட்டைமாடிக்கு ஏற்றிவிட்ட வீடுகள் எத்தனையோ. ஆனால் ஓடாத சைக்கிள் புது சைக்கிள் ஆகிவிடாது. எங்கள் சீமை வெயிலில் நின்றபடியே ரப்பர் செத்துவிடும். டயரின் பக்கவாட்டை இரண்டு கட்டைவிரலாலும் பிதுக்கிப் பார்த்தால் கோடை நிலத்து வெடிப்பு மாதிரி கோடு கோடாய்த் தெரியும். பால்ரஸில் அடைத்த கிரீஸ் காய்ந்து மெழுகாகியிருக்கும். பிரேக் கம்பி உறைக்குள்ளேயே துருவேறி இறுகிக் கிடக்கும். தினமும் ஓட்டி, மாதத்துக்கு ஒரு தடவை எண்ணெய் போட்ட ஐந்து வருஷத்து வண்டி, ஓட்டாத ஐந்து வருஷத்து வண்டியைவிடப் பல நேரம் தேவலை. 'புதுசு மாதிரி' என்று சொன்னால் இப்போதெல்லாம் முதலில் டயரைத்தான் பிதுக்கிப் பார்க்கிறேன்.

பத்தாவது நாள் பின் டயர் பிளந்தது. தம்பி விருதுநகர் போகிறான் என்று, "26 டயர் ஒண்ணு வாங்கிட்டு வாடா" என்று சொல்லிவிட்டேன். வாங்கி வந்தான். மாட்டிப் பார்த்தால் ரிம்மில் நிற்காமல் வளையல் மாதிரி சுற்றியது. லேடீஸ் சைக்கிளுக்குப் போடுகிற 26 அது. அதன் மேல் 26 × 1⅜ என்று பின்னத்தில் எழுதியிருக்கும். மவுண்டன் பைக்கின் 26-இல் 26 × 1.95, 26 × 2.10 என்று புள்ளி வைத்து எழுதியிருக்கும். பெயர் ஒன்று, ரிம் வேறு. இரண்டுக்கும் குறுக்களவில் 31 மில்லிமீட்டர் வித்தியாசம். டயரின் ஓரத்தில் சின்ன எழுத்தில் மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும், அதைத்தான் நம்ப வேண்டும். மவுண்டன் பைக் 26-க்கு 559, லேடீஸ் சைக்கிள் 26-க்கு 590. இப்போது வருகிற 27.5-க்கு 584, 29-க்கு 622. ரவிக்கை அளவில் 36 என்று சொன்னால் உடம்பளவா துணியளவா என்று நான் கேட்பேன். டயர் விஷயத்தில் அதைக் கேட்கத் தோன்றாமல் போய்விட்டது.

ஊர்க் கடையில் என்ன அளவு டயரும் ட்யூபும் தொங்குகிறது என்று பார்த்துவிட்டு அதற்கேற்ற சைக்கிளைத் தேடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். அண்ணாச்சி கடையில் 559 இருக்கிறது. 27.5-ம் 29-ம் அவர் வைப்பதில்லை, கேட்டால் மதுரைக்குச் சொல்லிவிடுவார். 29 அங்குலச் சக்கரம் பள்ளத்தை இன்னும் லேசாகத் தாண்டும் என்பது நிஜம்தான். நடுக்கரையில் ட்யூப் வெடித்து, மாற்று ட்யூப் மதுரையிலிருந்து வர மூன்று நாளாகும் என்றால் அந்த நிஜத்தை வைத்து என்ன செய்வது?

இனி முள்.

எங்கள் பக்கம் சைக்கிளுக்கு இரண்டு எதிரிகள். ஒன்று நெருஞ்சி. மழை பெய்து சில வாரத்திலேயே மஞ்சள் பூவோடு தரையில் படரும். காய்ந்ததும் எப்படி விழுந்தாலும் ஒரு முனை வானத்தைப் பார்த்து நிற்கும். அமெரிக்காவில் இதே செடியை ஆட்டுத்தலை என்கிறார்களாம், காயின் கொம்பைப் பார்த்து. அங்கே பாய்சி என்ற ஊரில் சைக்கிள்காரர்கள் அந்த முள்ளின் பெயரிலேயே திருவிழா நடத்துகிறார்கள், முள்செடியைப் பிடுங்கவும் ஆளைக் கூட்டுகிறார்கள். படித்தபோது ஒரு ஆறுதலாக இருந்தது. இன்னொன்று கருவை முள். கரிமூட்டத்துக்கு வெட்டியவர்கள் மரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், சிம்பு பாதையில் கிடக்கும். காய்ந்த கருவை முள் ஆணிக்குச் சமம். செருப்பைத் தாண்டிக் காலில் ஏறுகிற முள்ளுக்கு டயர் எம்மாத்திரம்?

முதல் மாதம் எனக்கு ஒன்பது பஞ்சர். அதில் நான்கு, ஏற்கெனவே ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே விழுந்தவை. பிறகுதான் அண்ணாச்சி காட்டிக் கொடுத்தார். ட்யூபை ஒட்டிவிட்டுப் பழையபடி மாட்டினால், ஒடிந்த முள்முனை டயருக்குள்ளேயே இருந்து மறுபடி குத்துமாம். விரலால் தடவினால் விரல்தான் கிழியும். பஞ்சையோ பழைய நைலான் துணியையோ டயரின் உட்புறம் சுற்றி இழுத்தால், முனை இருக்கிற இடத்தில் துணி மாட்டிக்கொண்டு நிற்கும். என் கடையில் வெட்டுத் துணிக்கா பஞ்சம்? அன்றிலிருந்து சைக்கிள் பையில் ஒரு துண்டு ஜார்ஜெட் இருக்கிறது.

நெருஞ்சிக்கு அண்ணாச்சியின் மருந்து இன்னும் பழையது. தேய்ந்து தூக்கிப் போட்ட சன்னமான டயர் ஒன்றை எடுத்து, இரண்டு ஓரத்துக் கம்பியையும் வெட்டி எறிந்துவிட்டு, பட்டையை மட்டும் டயருக்கும் ட்யூபுக்கும் நடுவே படுக்க வைப்பார். புடவைக்கு ஃபால்ஸ் தைப்பது போலத்தான். வண்டி கொஞ்சம் கனக்கும். ஆனால் நெருஞ்சி அதைத் தாண்டாது. கருவை முள் தாண்டும். அதற்கு ட்யூபுக்குள் ஊற்றுகிற பஞ்சர் திரவம் ஓரளவு கேட்கும். வெட்டிப் போட்ட கிளை பாதையில் கிடந்தால் இரண்டையும் நம்பாமல் இறங்கி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடப்பதுதான் உத்தமம். சைக்கிளின் எடை எவ்வளவு என்பது அப்போதுதான் உறைக்கும். நடு ஸ்பிரிங் வைத்த அந்த முதல் சைக்கிளை ஒரு தடவை தூக்கிப் பார்த்ததும் அதை விற்பது என்று முடிவு செய்துவிட்டேன்.

அந்த நடு ஸ்பிரிங்கைப் பற்றி ஒரு வார்த்தை. விலை உயர்ந்த வண்டிகளில் அது வேறு சங்கதி. மலிவு வண்டியில் அது வெறும் இரும்புச் சுருள். ஒவ்வொரு மிதிக்கும் அது கொஞ்சம் அமுங்கும், நாம் போடுகிற பலத்தில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும். ஸ்பிரிங்குக்காக வைத்த மூட்டுகள் தேய்ந்தால் பின்சக்கரம் பக்கவாட்டில் ஆடும். சீட்டைப் பிடித்து மெல்ல மேலே தூக்கிப் பாருங்கள். 'டொக்' என்று சத்தம் வந்தால் மூட்டு போய்விட்டது. டிஸ்க் பிரேக்கும் இப்படித்தான். தகடு லேசாக வளைந்தாலே ஒவ்வொரு சுற்றிலும் உரசிக்கொண்டே வரும். மெலிந்த தகட்டையும் மாற்றியாக வேண்டும். ஷிமானோ தன் தகடுகளுக்கு 1.5 மில்லிமீட்டர்தான் கடைசி அளவு என்கிறது. மலையிறக்கத்தில் அது உயிர் காக்கிற சாமான். எங்கள் பொட்டலில், ரிம்மைப் பிடிக்கிற பிரேக் கட்டை போதும். இரண்டு கட்டைகளையும் எந்தப் பெட்டிக்கடையை ஒட்டிய சைக்கிள் கடையிலும் வாங்கிவிடலாம்.

டயர், ட்யூப், பிரேக் கம்பி, கியர் கம்பி, கூலி என்று 2,600 செலவான பிறகு அந்த வண்டியை மதுரையிலேயே ஒரு கல்லூரி மாணவருக்கு 4,000-க்குக் கொடுத்தேன். நல்ல தார்ரோடு, பக்கத்திலேயே பெரிய சைக்கிள் கடை. அவருக்கு அது பொருந்தும். குறைகளை ஒளிக்காமல் சொல்லித்தான் விற்றேன்.

இந்த நேரத்தில் தம்பி போனில் எதையோ படித்துவிட்டு வந்து, மவுண்டன் பைக் என்பதே பழைய சாமானில் பிறந்ததுதான் என்றான். விசாரித்தால் சரியாகத்தான் இருந்தது. 1970-களில் கலிபோர்னியாவின் மரின் பகுதியில் டமால்பைஸ் என்ற மலையில் சில இளைஞர்கள் சைக்கிளில் சரசரவென்று இறங்கி விளையாடியிருக்கிறார்கள். கையில் இருந்தவை 1930, 40-களில் செய்த ஷ்வின் கம்பெனியின் கனத்த பழைய வண்டிகள், குப்பை விலைக்கு வாங்கியவை. 1976-இல் தொடங்கிய அவர்களுடைய பந்தயப் பாதைக்கு ரீபேக் என்று பெயர். இறங்கி முடிப்பதற்குள் பின் ஹப் பிரேக்கின் கிரீஸ் சூட்டில் புகைந்து போய்விடும், ஒவ்வொரு தடவையும் புதுசாக அடைக்க வேண்டும், அதனால் அந்தப் பெயர். அதற்கென்றே தனி ஃப்ரேமை 1977-இல் ஜோ ப்ரீஸ் செய்தார். ஆக, இரண்டாம் கை வாங்குவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை, பரம்பரையே அப்படித்தான்.

இரண்டாவது தடவை அவசரப்படவில்லை. மே மாதம்வரை காத்திருந்தேன். கல்லூரி விடுதிகள் காலியாகிறபோது கடைசி வருஷத்துப் பிள்ளைகள் வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்துவிட்டால் விலை ஏறிக்கொள்ளும். காரியாபட்டி, விருதுநகர், அருப்புக்கோட்டை என்று நான்கு சைக்கிள் பார்த்தேன். மூன்றை வேண்டாம் என்றேன். வேண்டாம் என்ற காரணங்கள்தான் இதில் உபயோகமானவை.

முதலாவது, எனக்கு உயரம். விற்றவர் சீட்டை இறக்கிக் காட்டினார். சீட்டை இறக்கலாம், நடுக்கம்பியை இறக்க முடியாதே. இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பட, கம்பியைக் காலிடுக்கில் வைத்து நின்றால் கம்பிக்கும் நமக்கும் நடுவே இரண்டு அங்குலமாவது இடைவெளி வேண்டும். கரைமேட்டில் திடீரென்று காலூன்றும்போது அந்த இடைவெளிதான் காப்பாற்றும். ஐந்தடி ஓரங்குலத்தில் இருக்கிற எனக்கு 18 அங்குல ஃப்ரேம் ஆகாது, 15, 16 என்றால் சரி. பெண்கள் நடுக்கம்பி வைத்த சைக்கிள் ஓட்டலாமா என்று இன்னும் கேட்பவர்கள் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் ஷீலாராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தில் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்து ஓட்டினார்கள். கம்பியில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் அதையே விரும்பியதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். எனவே கம்பி இருப்பது குறையில்லை. கம்பியின் உயரம்தான் பார்க்க வேண்டியது.

இரண்டாவது சைக்கிள் புதுப் பெயின்டில் மின்னியது. பழைய சைக்கிளில் புதுப் பெயின்டைக் கண்டால் எனக்குப் பழைய புடவையில் புது ஜரிகையைக் கண்ட மாதிரி. எதை மறைக்கிறது என்றுதான் தோன்றும். ஹேண்டில்பார் போர்க்கோடு சேர்கிற கழுத்துக்குக் கீழே, சாய்ந்து இறங்குகிற குழாயின் அடிப்பக்கத்தைத் தடவச் சொல்லியிருந்தார் அண்ணாச்சி. அங்கே சின்னதாக ஒரு மடிப்பு விரலில் தட்டுப்பட்டது. வண்டி எதிலோ நேராக மோதியிருக்கிறது. வந்துவிட்டேன். அலாய் ஃப்ரேம் என்றும் சொன்னார் அவர். பொத்தான் டப்பாவில் ஊசி பொறுக்க வைத்திருக்கிற காந்தத்தைக் கொண்டுபோயிருந்தேன். பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. இரும்பு மோசமில்லை. எங்கள் ஊர் வெல்டிங் பட்டறையில் இரும்பை ஒட்டவைக்கலாம், அலுமினியத்தை அங்கே ஒட்ட முடியாது. எனக்கு இரும்பே மேல். ஆனால் இரும்பை அலாய் என்கிறவர் வேறு எதை எப்படிச் சொல்லியிருப்பாரோ.

மூன்றாவது எல்லாவிதத்திலும் நன்றாக இருந்தது, பில் இல்லை. பெடல் அச்சுக்கு அடியில் ஃப்ரேம் நம்பர் பொறித்திருக்கும், வண்டியைக் கவிழ்த்தால் தெரியும். அந்த நம்பர் ராவி அழிக்கப்பட்டிருந்தது. சைக்கிளுக்கு ஆர்.சி. புத்தகம் கிடையாது, அந்த நம்பர்தான் அதன் ஜாதகம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, தெரிந்திருக்க வேண்டிய நிலையிலோ வாங்கினால் வாங்கியவரும் குற்றவாளிதான். பழைய சட்டத்தில் 411-ஆவது பிரிவு, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 317. விற்பவர் பெயர், தேதி, தொகை, ஃப்ரேம் நம்பர் நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தரத் தயங்கினால், அதிலேயே பதில் தெரிந்துவிடும்.

நான்காவதுதான் இப்போது என்னிடம் இருப்பது. இரும்பு ஃப்ரேம், 26 சக்கரம், அலாய் ரிம், ரிம் பிரேக், முன்னால் ஸ்பிரிங் இல்லாத சாதாரண போர்க், 18 கியர். விற்றவர் 4,500 சொன்னார். கூட வந்த தம்பியைப் பார்த்தேதான் பேசினார். நான் கேட்ட கேள்விக்கும் பதில் அவனுக்கே போயிற்று. நான் பையிலிருந்து ஓரடி ஸ்டீல் ஸ்கேலை எடுத்துச் செயினுக்குக் கீழே குந்தியதும்தான் என் பக்கம் திரும்பினார்.

இந்தச் செயின் அளவு எனக்கு மிகவும் பிடித்த சங்கதி. சைக்கிள் செயினில் ஆணிக்கு ஆணி அரை அங்குலம். பெடலை அழுத்திச் செயினை விறைப்பாக்கிக்கொண்டு, ஒரு ஆணியின் நடுவில் ஸ்கேலின் பூஜ்யத்தை வைக்க வேண்டும். அங்கிருந்து எண்ணி வந்தால் இருபத்துநான்காவது ஆணி மிகச் சரியாக 12 அங்குலக் கோட்டில் நிற்கும். அது புதுச் செயின். ஓட ஓட ஆணிகளும் அவை உட்காரும் துளைகளும் தேயும், செயின் நீண்டதுபோல் ஆகும். அரை நூல் தள்ளி நின்றால் செயினை மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஒரு நூல் தள்ளி நின்றால் தேய்ந்த செயின் பின்னால் இருக்கிற ஃப்ரீவீலின் பற்களையும் தன் அளவுக்கு அரைத்திருக்கும். அப்போது புதுச் செயினை மட்டும் போட்டால் பல்லில் உட்காராமல் துள்ளும், இரண்டையும் மாற்றியாக வேண்டும். அங்குலத்துக்கு எட்டு நூல் என்பது ஆசாரிக்கும் கொத்தனாருக்கும் எங்களுக்கும் அன்றாடக் கணக்கு. ரவிக்கையில் ஒரு நூல் குறைந்தால் கை இறுகும், ஒரு நூல் கூடினால் தோள் இறங்கும். தையல் டேப்பால் இதை அளக்காதீர்கள், நாள்பட்ட டேப் தானே நீண்டிருக்கும்.

ஆணி ஒரு நூல் தள்ளி நின்றது. ஸ்கேலை அவரிடமே கொடுத்தேன். "செயினும் ஃப்ரீவீலும் போச்சுங்க. 700 ரூவா வேலை" என்றேன். அவர் குனிந்து பார்த்தார். பிறகு என்னிடமே பேச ஆரம்பித்தார்.

மற்றதை வேகமாக முடித்தேன். முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் கழுத்தில் ஆட்டம் இருக்கிறதா தெரிந்துவிடும். பெடல் தண்டை உள்ளுக்கும் வெளிக்கும் இழுத்துப் பார்த்தேன். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றவிட்டு, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தேன்; அது நெளிந்து நெளிந்து வந்தால் கோட்டம். கொஞ்சக் கோட்டத்தைக் கம்பிகளை முறுக்கி எடுத்துவிடலாம். ரிம்மிலேயே பள்ளம் விழுந்திருந்தால் விட்டுவிட வேண்டும். சக்கரம் சுற்றுகையில் போர்க்கில் கை வைத்தால் மணல் அரைவது போன்ற நறநறப்பு பால்ரஸ் செத்ததைச் சொல்லும். சீட்டுக் கம்பி மேலும் கீழும் நகர்கிறதா என்று கட்டாயம் பாருங்கள், துருவில் ஒட்டிக்கொண்டால் யானையைக் கட்டி இழுத்தாலும் வராது. எனக்குத் துணிமூட்டை ஏற்ற வேண்டும், அதனால் கேரியர் மாட்டப் பின் அச்சுக்குப் பக்கத்தில் துளை இருக்கிறதா என்றும் பார்த்தேன். பல மவுண்டன் பைக்குகளில் இருப்பதில்லை.

கடைசியாக ஓட்டம். நின்ற இடத்தில் கியரை மாற்றிப் பார்ப்பதில் ஒன்றுமில்லை. தம்பியைப் பின்னாலிருந்து சீட்டைப் பிடித்து இழுக்கச் சொல்லி மிதித்தேன். பாரத்தில்தான் கியரின் உண்மை வெளியே வரும். முன்கியர் மாற்றும் கைப்பிடி வேலை செய்யவில்லை. அதையும் சொன்னேன்.

பில்லை நீட்டி, 2021-இல் இன்ன விலை என்று காட்டினார் அவர். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது, பழைய பில்லை வைத்துக் கணக்குப் போடக் கூடாது என்றேன். புது வண்டியின் இன்றைய விலையைக் கடையில் கேட்டுக்கொண்டு போனால் பேரம் பேச வாய் வரும். 3,300-க்கு முடிந்தது.

அண்ணாச்சி இந்தத் தடவை மலையைப் பற்றிக் கேட்கவில்லை. செயின், ஃப்ரீவீல் 700, இரண்டு ட்யூப் 300, பிரேக் கட்டை 120, கம்பிகள் 100, பால்ரஸ் மாற்றி கிரீஸ் அடைத்து, பழைய டயர்ப் பட்டை உள்ளே வைத்த கூலி 430. ஆக 1,650. மொத்தம் 4,950-இல் முடிந்தது. ட்யூபின் வாய் மோட்டார் சைக்கிள் மாதிரியானது, வால்டியூப் சங்கடம் கிடையாது. பங்க்கில் காற்று பிடிக்கலாம். ஆனாலும் கைப்பம்பில்தான் அடிக்கிறேன். பங்க் காற்று ஒரே மூச்சில் ஏறிவிடும், சின்ன ட்யூப் தாங்காது.

முன்கியரைச் சரிசெய்ய வேண்டாம், நடுப்பல்லிலேயே நிறுத்திவிடுங்கள் என்று நானே சொன்னேன். பின்னால் இருக்கிற ஆறு போதும். மலை இல்லாத ஊரில் ஆறுதான் எதற்கு என்று கேட்டால், ஆடி மாதம் மல்லாங்கிணற்றிலிருந்து விருதுநகரைப் பார்த்து மிதித்துப் பாருங்கள். எதிரில் வருகிற மேல்காற்று வண்டியைப் பிடித்துப் பின்னால் தள்ளும். அன்றைக்கு அந்தக் காற்றே மலை. பெரிய பல்லுக்கு மாற்றிக்கொண்டு, தலையைக் குனிந்து, நடை வேகத்தில் ஊர்ந்து போகலாம். திரும்பி வருகையில் மிதிக்கவே வேண்டாம்.

ஐப்பசியில் இன்னொன்று கற்றுக்கொண்டேன். ஈரக் கரிசல் எந்த டயருக்கும் மசியாது. இருபது அடி போவதற்குள் சக்கரத்துக்கும் போர்க்குக்கும் நடுவே களி அப்பி, சக்கரம் சுற்றுவதையே நிறுத்திவிடும். மட்கார்டு இருந்தால் பத்தடியே போதும். குச்சியால் குத்திக் குத்தி எடுத்தேன். மழை விட்டு இரண்டு நாள் காய்ந்த பிறகே இப்போது கரைமேல் ஏறுகிறேன், அதுவரை பஸ்தான். செயின் கவர் கிடையாது என்பதால் முதல் வாரமே ஒரு சுடிதார் போயிற்று. வலது கால் அடிப்பகுதியில் மூன்றங்குல எலாஸ்டிக் வைத்து இரண்டு உருப்படி தைத்துக்கொண்டேன். பார்த்த இரண்டு பேர் தங்களுக்கும் கேட்டிருக்கிறார்கள்.

மணி மட்டும் இன்னும் வாங்கவில்லை. கண்மாய்க் கரையில் எதிரே வருகிற எருமைகள் மணிச் சத்தத்துக்கு ஒதுங்குவதில்லை. அதட்டினால்தான் ஒதுங்குகின்றன, அதுவும் நின்று ஒரு தடவை பார்த்துவிட்டு.